‘நான் அதச் சொல்லலியே தாயி!’ – அம்மா சொல்வதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கோவையிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம்: அப்பா இறந்த பிறகு, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 63 வயது அம்மாவைத் தன்னோடு அழைத்து வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மாலை, “நெஞ்செல்லாம் ஒரே கேஸா அடைச்சிக்கிட்டு இருக்கு, மேலுக்கு என்னமோ செய்யுது” என்றிருக்கிறார். மருத்துவமனையில் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்து, “ஒண்ணுமில்லம்மா, கேஸ்தான்” என்று அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி காகிதத்தைக் கேட்டதற்குத் தரவில்லை. அன்றிலிருந்து அம்மா எதைச் சொன்னாலும் வீட்டில் இஞ்சிச் சாறும் கேஸ் மாத்திரையும்தான்.

போன வாரம், “கிறுகிறுன்னு வருது, கால் ரெண்டும் பஞ்சு மேல வெச்ச மாதிரி இருக்கு, ஒரே சடவா இருக்கு” என்றிருக்கிறார் அம்மா. வேறொரு டாக்டரிடம் போனார்கள். கூட்டம். அம்மா வாய் திறக்கும் முன்பே மகள், “கிடினஸ், கேஸ்ட்ரிக் டிரபிள், வீக்னஸ் டாக்டர்” என்று முடித்துவிட்டார். மூன்று மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்ந்ததும் அம்மா அழுதிருக்கிறார்: “நான் அதச் சொல்லலியே தாயி.”

வாசகி கேட்பது: அம்மா இருப்பதைப் பெரிதாக்கிச் சொல்கிறாரா? வயதானவர்கள் கவனம் தேடுவார்கள் என்கிறார் கணவர், அது சரியா? டாக்டரிடம் சொல்லச் சரியான வார்த்தைகளை அம்மாவுக்குச் சொல்லித் தரலாமா? ஈசிஜி நன்றாக இருந்ததால் நெஞ்சு விஷயத்தை விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மா எதையும் பெரிதாக்கவில்லை. பொது மருத்துவராகப் பல வருடம் புறநோயாளிகளைப் பார்த்தவர் என்ற முறையில் சொல்கிறேன், அவர் சொன்ன மூன்றும் மிகத் தெளிவான வாக்கியங்கள். அதிலும் “கால் பஞ்சு மேல வெச்ச மாதிரி” என்பதைக் கேட்டால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்கார வேண்டும். பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் பழுதடையத் தொடங்கும்போது மனிதர்கள் சொல்கிற வாக்கியம் அது. சிலர் “மெத்தை மேல நடக்கற மாதிரி” என்பார்கள், சிலர் “செருப்பு கழன்டது கூடத் தெரியல” என்பார்கள். நீங்கள் சொன்ன மூன்று வார்த்தைகளில் அந்தக் கால் காணாமலே போய்விட்டது. டாக்டர் பாதத்தைப் பார்க்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

உங்கள் மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூட்டம், டாக்டருக்கு நேரமில்லை, அம்மாவின் ஊர்ப்பேச்சு புரியுமோ என்னவோ என்ற தயக்கம்; இதெல்லாம் சேர்ந்து அன்போடுதான் முந்திக்கொண்டீர்கள். ஆனால் அம்மாவுக்குச் சரியான வார்த்தை தெரியவில்லை என்று நீங்கள் நினைப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வலியைச் சொல்ல நம் பேச்சில் இருக்கும் வார்த்தைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சீழ் கோத்தால் விண்விண் என்று தெறிக்கும். நரம்பு பாதித்தால் சுருக்சுருக் என்று குத்தும், திகுதிகு என்று எரியும். மரத்துப் போனால் மதமத என்றிருக்கும். மூட்டு குடையும், தசை பிடித்து இழுக்கும், நீர் கடுக்கும், கை கால் உளையும். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலிக்குச் சொல்லும் 78 வார்த்தைகளை 20 பிரிவாக்கி 1975-ல் ஒரு கேள்வித்தாளாக வெளியிட்டார். குத்துகிற வலியும் எரிகிற வலியும் ஒன்றில்லை என்பதை அளந்து பார்க்க உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்துகிற கருவி அது. உங்கள் அம்மாவிடம் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதை ‘வீக்னஸ்’ என்று ஒரே வார்த்தையில் சுருக்கும்போது இழப்பு நமக்குத்தான்.

நானும் இதைப் பட்டுத்தான் கற்றேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு பாட்டியை அழைத்து வந்தவர்கள் “ராத்திரியெல்லாம் இழுப்பு” என்றார்கள். நான் வலிப்பு என்று எடுத்துக்கொண்டு அந்தக் கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னது மூச்சிழுப்பு. மூத்த செவிலியர் ஒருவர் வந்து, “எது இழுக்குது, கையா, மூச்சா?” என்று கேட்ட ஒரே கேள்வியில் விஷயம் வெளிவந்தது. ஒரே சொல்லுக்கு ஒரு வீட்டில் ஒரு பொருள், அடுத்த வீட்டில் இன்னொன்று. அந்தப் பாட்டிக்குத் தாமதமான அந்த நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

‘கேஸ்’ என்றால் என்னவெல்லாம்?

இதில்தான் உங்கள் வீட்டில் ஆபத்து இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் கேஸ் என்பது வயிற்றுக்குள் இருக்கும் காற்று மட்டும் கிடையாது. முதுகு பிடித்துக்கொண்டால் வாய்வுப் பிடிப்பு, தோள் வலித்தால் கேஸ் ஏறிவிட்டது, முழங்கால் வலித்தால் வாய்வுக் கோளாறு. இதை அறியாமை என்று ஒதுக்க மாட்டேன். வாதம், பித்தம், கபம் என்று உடம்பைப் பார்க்கிற சித்த மருத்துவத்தில் வாயு உடல் முழுக்க ஓடுகிற ஒன்று. அந்தப் பழைய சொல்தான் இன்று ‘கேஸ்’ என்று பேர் மாற்றிக்கொண்டு நிற்கிறது. ஆக, ஒருவர் கேஸ் என்றால், உடம்பில் எங்கோ அடைக்கிறது, அழுத்துகிறது, பிடிக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அது எங்கே, எப்போது, என்ன செய்தால் வருகிறது என்பதை அதற்குப் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இதயத்தின் வலியும் இதே சொல்லில்தான் வந்து நிற்கும். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் கை, தாடை, மேல்வயிறு ஆகிய இடங்களிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் அருகருகே போய்ச் சேர்வதால், வலி எங்கே என்று மூளைக்குச் சரியாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. அதனால் “மேல்வயித்துல அடைக்குது” என்று தோன்றும், ஓங்கரிப்பு வரும், ஏப்பமும் வரும். பெண்களுக்கும், பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலி வராமலே மாரடைப்பு வரலாம். உங்கள் அம்மா இந்த மூன்று பட்டியலிலும் இருக்கிறார்.

இன்னொன்று. “சாப்பிட்டுட்டு மாடி ஏறினா கேஸ் அடைக்குது டாக்டர், கொஞ்சம் நின்னு ரெண்டு ஏப்பம் விட்டா சரியாயிடுது” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏப்பத்தால் சரியானதாக அவர்கள் நம்புகிறார்கள். பல நேரம் சரியானது நின்றதால். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிடத்தில் அடங்குகிற அடைப்பு, இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். அம்மாவிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்: அந்த கேஸ் உட்கார்ந்திருக்கும்போது வருகிறதா, நடக்கும்போதா?

ஈசிஜி விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமாக எடுக்கும் ஈசிஜி இதயத்தின் சுமார் 10 விநாடியைத்தான் பதிவு செய்கிறது. மாரடைப்பு தொடங்கிய புதிதில்கூட முதல் ஈசிஜி சரியாகத் தெரியலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் சிறிது நேரம் விட்டு மறுபடி எடுப்பார்கள், டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையையும் இடைவெளி விட்டுச் செய்வார்கள். நடந்தால் மட்டும் வரும் அடைப்பு என்றால், ஓய்வில் எடுத்த ஈசிஜி முழுக்க நன்றாகவே இருக்கலாம். மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தக் காகிதம் அன்றைய சில விநாடிகளுக்கு மட்டும் சாட்சி. இன்றைக்கு அதை வைத்து எதையும் விட்டுவிட முடியாது. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பாருங்கள். எக்கோ என்ற இதய ஸ்கேனா, நடக்கவைத்துப் பார்க்கும் பரிசோதனையா, வேறெதுவுமா என்பதை அவர் முடிவு செய்வார். இது மாரடைப்பு என்று கடிதத்தை வைத்து நான் சொல்லவில்லை. கேஸ்தான் என்றும் யாரும் பார்க்காமல் சொல்லக்கூடாது.

நெஞ்சோ மேல்வயிறோ அடைத்து 10, 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது அடைப்போடு வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, இஞ்சிச் சாறு போட உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள். “கேஸ் பிரச்சினை” என்று சொல்லாமல், “சர்க்கரை இருக்கிற 63 வயது அம்மா, நெஞ்சடைப்பு, வியர்வை” என்று சொல்லுங்கள். கிராமத்தில் இருக்கும்போது நேர்ந்தால் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். மாரடைப்பு என்று தெரிந்தால் முதல் டோஸாக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அந்த மாத்திரைகளை வீட்டில் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

கிறுகிறுப்பு

‘கிடினஸ்’ என்று நீங்கள் சொன்னது தவறான மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, ‘மயக்கம்’ என்றாலும் இதே கதைதான். வீடே சுற்றுகிறதா? படுக்கையில் புரண்டால் சில விநாடி சுற்றி நின்றுவிட்டால் அது பெரும்பாலும் உள்காதின் வேலை. எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளி இறங்கினால் காரணம் பிடிபட்டுவிடும். பல வருடச் சர்க்கரையும் சில மாத்திரைகளும் இதைச் செய்யும். அதனால் டாக்டரிடம், படுத்த நிலையில் ஒருமுறையும் நின்ற பிறகு ஒருமுறையும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் தயக்கமே வேண்டாம். கை நடுங்கி, வியர்த்து, பசியோடு வருகிறதா? அந்த நேரத்திலேயே சர்க்கரை பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நாலாவது, சுற்றலே இல்லாமல் நடையில் மட்டும் தள்ளாட்டம். பஞ்சு மேல் வைத்த கால் இருப்பவருக்கு, தரை எங்கே என்று பாதம் சொல்லாததால் இருட்டில் இது அதிகமாகும்.

திடீரென்று ஒரு பக்கக் கை கால் மதமதப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், அல்லது இதுவரை இல்லாத அளவுக்குப் பளீர் என்று தலைவலி வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் வாசல் திறந்திருக்கும்.

சடவு, ஒரு மாதிரி, மேலுக்கு முடியல

சடவு என்பது உங்கள் அம்மா ஊரில் களைப்புக்குச் சொல்வது. கோவை டாக்டருக்கு அது புரியாமல் போகலாம். அங்கே மட்டும் நீங்கள் உதவலாம்: “சடவுன்னா எங்க ஊர்ல அசதி டாக்டர்.” ரத்தசோகை, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் இந்தச் சொல்லோடு வரும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், சில கேஸ் மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டாலும் குறையலாம். பி12 குறைந்தால் கால் நரம்பும் கெடும், அசதியும் வரும். வீட்டில் நீங்களாகக் கொடுத்துவரும் கேஸ் மாத்திரையின் பெயரையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம் துக்கம். கணவரை இழந்து எட்டு மாதம், பிறந்து வளர்ந்த ஊரும் கையில் இல்லை. நம் அம்மாக்கள் பலர் “மனசு சரியில்லை” என்று சொல்ல மாட்டார்கள், “மேலுக்கு முடியல” என்றுதான் சொல்வார்கள். தூக்கம், பசி, முன்பு பிடித்த வேலைகளில் ஆர்வம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூன்றும் குறைந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வுக்கும் மருத்துவம் இருக்கிறது. உங்கள் கணவர் ‘கவனம் தேடுகிறார்’ என்று சொல்வதற்கு என் பதில் இதுதான்: கவனம் தேவைப்படுகிறவருக்கும் இதய நோய் வரும், நரம்பு நோய் வரும். உடம்பை முழுக்கப் பார்த்து முடிக்கும் முன் மனசின் மேல் பழி போடுவது ஆபத்து.

கடிதத்தின் நடுவே, “இப்போ சுகர் இல்லைன்னு அம்மா சொல்றாங்க” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இதையும் விசாரியுங்கள். மாத்திரையால் எண் இறங்கியிருப்பதைத்தான் பலர் அப்படிச் சொல்வார்கள். சிலர் அப்படிச் சொல்லிவிட்டு மாத்திரையையே நிறுத்தியிருப்பார்கள்.

டாக்டர் சொன்ன ‘ஒண்ணுமில்ல’

நோயாளிகளின் பேச்சு வழக்கைப் பற்றியே பேசுகிறோம், எங்கள் பேச்சு வழக்கும் அவ்வளவே குழப்பமானது. “ஒண்ணுமில்லம்மா” என்று ஒரு மருத்துவர் சொன்னால், ‘இப்போது நான் பார்த்த பரிசோதனையில் உடனடி ஆபத்து எதுவும் தெரியவில்லை’ என்று அர்த்தம். கேட்கிறவருக்கோ ‘உனக்கு நோயே இல்லை’ என்று போய்ச் சேர்கிறது. சிலருக்கு ‘நீ நடிக்கிறாய்’ என்றே கேட்கிறது. நாங்கள் சொல்லும் ‘நார்மல்’, ‘லேசா இருக்கு’, ‘பார்க்கலாம்’ எல்லாமே இப்படித்தான். அதனால் அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: எது இல்லை என்று தெரிந்தது? எது இன்னும் தெரியவில்லை? என்ன ஆனால் திரும்பி வர வேண்டும்? இதைக் கேட்டால் நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். புரியும் மொழியில் விளக்கம் பெறுவது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனமும் சொல்கிறது.

ஈசிஜி காகிதத்தைத் தர மறுத்தது தவறு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அம்மாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்பதைவிட இது பலிக்கும். புகார், வழக்கு என்று போகும் எண்ணம் இருந்தால் பிறகு யோசிக்கலாம். இப்போது உங்கள் நேரம் அம்மாவின் நெஞ்சுக்கும் காலுக்கும் வேண்டும். ஆனால் அந்தக் காகிதம் கைக்கு வந்தால், புதிதாக எடுக்கும் ஈசிஜியோடு வைத்து ஒப்பிட அது நிஜமாகவே உதவும்.

அடுத்த முறை போகும்போது

முந்தைய நாளே அம்மாவோடு உட்கார்ந்து அவர் சொல்வதை அப்படியே, அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். ‘பஞ்சு மேல’ என்றால் பஞ்சு மேல. பக்கத்தில் எப்போது தொடங்கியது, எத்தனை நேரம் இருக்கிறது, என்ன செய்தால் கூடுகிறது, எதில் குறைகிறது என்று மட்டும் சேருங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதலில் அம்மா பேசட்டும். டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டாலும், “அம்மா சொல்லுங்க” என்று அவர் பக்கம் திருப்பிவிடுங்கள். அவர் முடித்த பிறகு, விட்டுப் போனதைத் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கூச்சமான விஷயங்கள் இருக்கலாம். ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று நீர்க்கடுப்பைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. மகள் எதிரில் சொல்லவும் சிலர் கூசுவார்கள். “நான் ஐந்து நிமிடம் வெளியே இருக்கட்டுமா?” என்று அம்மாவிடமே கேளுங்கள்.

பாதத்தை 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. வலிக்காது, ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதைச் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை வீட்டுக்குள்ளும் அம்மா வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இன்று இரவே நல்ல வெளிச்சத்தில் அவர் பாதங்களை உங்கள் மடியில் வைத்துப் பாருங்கள். விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம். அவருக்கே தெரியாத ஒரு புண்ணோ கொப்புளமோ இருந்தால் நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “பஞ்சு மாதிரின்னு சொன்னீங்களேம்மா, அது எப்ப இருந்து?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் எதுவும் பேச வேண்டாம்.